போரை ரியாலிட்டி ஷோவா எடுக்கலாமா?

ஒரு வாரத்துக்கு 57 கிராம் வெண்ணெய், 57 கிராம் டீத்தூள், ஒரே ஒரு முட்டை. இரண்டாம் உலகப் போர் சமயத்துல பிரிட்டனில் ஒரு ஆளுக்குக் கிடைச்ச ரேஷன்ல இதெல்லாம் அடக்கம்.

இதை வெச்சு இன்னைக்கு ஒரு குடும்பத்தால வாழ முடியுமா? 2001-ல் சேனல் 4 அதை ஒரு ரியாலிட்டி தொடராவே எடுத்துச்சு. பேரு ‘தி 1940ஸ் ஹவுஸ்’. லண்டனுக்குப் பக்கத்துல வெஸ்ட் விக்கம்ல ஒரு வீட்டை அந்தக் காலத்து வீடா மாத்தி, தாத்தா பாட்டி, மகள், பேரன்கள்னு ஒரு குடும்பத்தை ஒன்பது வாரம் தங்க வெச்சாங்க. தோட்டத்துல குழி தோண்டி இரும்புத் தகட்டுல ஒரு பதுங்குகுழி. ராத்திரி வெளிச்சம் வெளிய போகாம இருக்க ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. வரலாற்றுப் புத்தகத்துல போர்னா தளபதிகள். இந்த வீட்டுல போர்னா சமையலறை. அடுப்படி வேலை எவ்வளவு பெரிய சுமைன்னு இதைப் பார்த்தாதான் உறைக்கும்.

ஆனா ஒன்பது வாரத்துல அவங்க வீட்டுக்குப் போயிடலாம். நிஜத்துல பிரிட்டனோட ரேஷன் 1940-ல் ஆரம்பிச்சு, போர் முடிஞ்ச பிறகும் தொடர்ந்து, 1954-லதான் முழுசா முடிஞ்சது.

2015-ல் செக் நாட்டு அரசுத் தொலைக்காட்சி இன்னும் ஒரு படி மேல போனது. ‘ப்ரொடெக்டரேட்டில் விடுமுறை’ன்னு ஒரு தொடர். 1939 மார்ச்ல ஜெர்மனி பிடிச்ச செக் பகுதிக்குப் பேருதான் ப்ரொடெக்டரேட். மூணு தலைமுறைக் குடும்பம் ஒண்ணு ரெண்டு மாசம் ஒரு மலைப் பண்ணையில அந்தக் கால வாழ்க்கை வாழணும். கெஸ்டபோ போலீஸா, காட்டிக் கொடுக்கிறவங்களா நடிகர்கள் வருவாங்க. தாக்குப்பிடிச்சா 10 லட்சம் க்ரௌன் பரிசு. கொடுமையைக் கேளிக்கை ஆக்குறாங்கன்னு பல நாடுகள்ல விமர்சனம் வந்தது.

நான் சாஃப்ட்வேர் ஆளு. எனக்கு இது ஸ்டேஜிங் சர்வர் மாதிரி தெரியுது. அங்க நிறைய கத்துக்கலாம். ஆனா எது உடைஞ்சாலும் ரோல்பேக் பண்ணிடலாம்னு மனசுக்குத் தெரியும். பசியை அங்க டெஸ்ட் பண்ணலாம், பயத்தைப் பண்ண முடியாது.

அதைவிட எனக்கு உறுத்துறது அந்தப் பரிசுதான். ஒழுங்கா விளையாடினா பிழைச்சுக்கலாம்னு அது சொல்லாம சொல்லுது. நிஜம் அப்படி இல்ல. 1942-ல் நாஜி அதிகாரி ஹைட்ரிக் பிராகில் கொல்லப்பட்டதுக்குப் பழிவாங்க, லிடிட்ஸேங்கிற கிராமத்தைக் குறிவெச்சாங்க. ஜூன் 10 அன்னைக்கு அங்க 173 ஆண்களைச் சுட்டுக் கொன்னாங்க. பெண்களை முகாமுக்கு அனுப்பினாங்க. குழந்தைகள்ல பெரும்பாலானவங்களை விஷவாயுவுல கொன்னாங்க. ஊரையே தரைமட்டமாக்கினாங்க. அந்தக் கொலையில இந்த ஊருக்குச் சம்பந்தமே இல்ல.

அவங்க எந்த விதியையும் மீறல. எந்த டாஸ்க்லயும் தோக்கல. அதனால இந்த மாதிரி ஷோ எடுக்கவே கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன். ரேஷனைக் காட்டுங்க, பதுங்குகுழியைக் காட்டுங்க. உயிர் பிழைக்கிறதுக்கு மட்டும் பரிசு வைக்காதீங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.