குக்கர் விசிலுக்கும் கொலைக்கும் நடுவே

‘நாவல் எழுதுகிறேன்’ என்று சிங்கப்பூரில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். என்ன கதை என்று கேட்பவர்கள் குறைவு. ‘அதற்கெல்லாம் நேரம் எப்படிக் கிடைக்கிறது?’ என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வேலை, பிள்ளைகளின் டியூஷன், ஈரச்சந்தை, வார இறுதியில் கோயிலோ கல்யாண வீடோ என்று ஓடும் ஊரில், ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு கொலைக்குத் திட்டம் போடுகிறார் என்றால் கேட்கத்தானே செய்வார்கள்? காதலும் மர்மமும் கலந்த நாவல் எழுதுகிறவரின் நாள் எப்படிப் போகிறது, வீட்டுத் தொல்லை அவரை ஏன் கூடுதலாகப் படுத்துகிறது, இந்த ஊர் அவருக்கு எதைக் கொடுக்கிறது, எதைக் கெடுக்கிறது என்று பார்ப்போம்.

இது என்ன வகை நாவல்?

ரமணிசந்திரனின் நாவலைப் படிப்பவர், அவனும் அவளும் எப்போது மனம்விட்டுப் பேசுவார்கள் என்று காத்திருப்பார். ராஜேஷ்குமாரின் நாவலைப் படிப்பவர், யார் செய்தது என்று காத்திருப்பார். மர்மக் காதல் நாவல் இந்த இரண்டு காத்திருப்பையும் ஒரே ஆள்மேல் ஏற்றிவைக்கும். அவள் யாரை நேசிக்கிறாளோ அவன்மேலேயே சந்தேகம் விழும்.

1938இல் வெளிவந்த டாஃப்னி டு மாரியேவின் ‘ரெபெக்கா’ இதற்கு நல்ல உதாரணம். இறந்துபோன முதல் மனைவியைக் கணவன் இன்னும் மறக்கவில்லையோ என்று புது மனைவிக்குத் தொடங்கும் சந்தேகம், அந்த முதல் மனைவி எப்படி இறந்தாள் என்ற கேள்வியில் போய் நிற்கிறது. காதலை எடுத்துவிட்டால் மர்மம் இல்லை. மர்மத்தை எடுத்துவிட்டால் காதல் இல்லை. கணவரின் ராணுவப் பணிக்காக எகிப்தில் இருந்தபோது அதை எழுதத் தொடங்கிய டு மாரியே, முதலில் எழுதிய சுமார் 15,000 சொற்களைத் திருப்தியில்லாமல் தூக்கிப்போட்டார்.

தொல்லை ஏன் இவரை அதிகம் பாதிக்கிறது?

கவிதை எழுதும்போது தொலைபேசி அடித்தால் ஒரு வரி போகும். மர்ம நாவலில் முடிச்சே போய்விடும். யாருக்கு, எப்போது, என்ன தெரியும் என்ற கணக்கை எழுதுகிறவர் மனதில் வைத்துக்கொண்டேதான் அடுத்த வாக்கியத்துக்குப் போக வேண்டும் என்பதே காரணம்.

ஒரு சின்ன உதாரணம். செவ்வாய் இரவு. கதவருகே ஈரக்குடை ஒன்று இருக்கிறது. வாசகருக்கு அது தெரியும், நாயகிக்குத் தெரியாது. தான் மாலையிலிருந்து வீட்டைவிட்டு இறங்கவே இல்லை என்று நாயகன் சொல்கிறான். எட்டரை மணிக்குத்தான் மழை பிடித்தது என்று மூன்றாம் அத்தியாயத்தில் வந்துவிட்டது. இந்த நான்கையும் சேர்த்துப் பிடித்தபடி ஒரு காதல் வசனத்தை எழுத வேண்டும். அந்த நேரம் பார்த்து மாமியார், “சும்மாதானே உட்கார்ந்திருக்கே, இந்தச் சின்ன வெங்காயத்தைக் கொஞ்சம் உரிச்சுக் கொடும்மா” என்பார். வெங்காயம் ஐந்து நிமிட வேலைதான். குடையை மறுபடி மனதுக்குள் கொண்டுவர அரை மணி நேரம் ஆகும்.

அதனால் கணக்கை மனதில் வைக்காமல் தாளில் வைப்பதே நல்லது. நோட்டில் ஆறு பத்தி போட்டால் போதும்: அத்தியாயம், நாளும் மணியும், நாயகிக்குத் தெரிந்தது, நாயகனுக்குத் தெரிந்தது, வாசகருக்குத் தெரிந்தது, குற்றவாளி அப்போது செய்துகொண்டிருப்பது. கடைசிப் பத்திதான் முக்கியம். குற்றவாளி அந்த அத்தியாயத்தில் தலைகாட்டாவிட்டாலும் எங்கேயோ ஏதோ செய்துகொண்டுதான் இருப்பான். அந்தப் பத்தியை நிரப்பாமல் விட்டால் முடிவு ஒட்டவைத்ததுபோல் ஆகிவிடும். எழுதுவதை நிறுத்தும்போது, அடுத்து வரவேண்டிய காட்சியை இரண்டு வரியில் குறித்துவிட்டு எழுந்தால், திரும்பி உட்காரும்போது தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

வீவக வீட்டில் ஒரு நாள்

சிங்கப்பூரில் ஏறத்தாழப் பத்தில் எட்டுப் பேர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி வீடுகளில்தான் குடியிருக்கிறார்கள். தோ பாயோவில் ஒரு நான்கறை வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளிகள் ஏழரை மணிவாக்கில் தொடங்குவதால் விடியுமுன்பே சமையலறை விழித்துவிடும். பிள்ளைகளை அனுப்பிவிட்டு, காப்பியோடு உட்கார்ந்தால் ஒன்பது மணி. சரியாக அப்போது மேல்மாடியில் டிரில் தொடங்கும்.

இதில் அந்த வீட்டுக்காரரைக் குறைசொல்ல முடியாது. வீவக விதிப்படி, சுவர் உடைப்பது போன்ற பெருஞ்சத்த வேலைகளை வாரநாளில் காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணிக்குள்தான் செய்ய வேண்டும். சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளில் கூடாது. ஆக, பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரமும் சுவர் உடைபடும் நேரமும் ஒன்றாகவே அமைகின்றன. பதினொரு மணிக்குப் பொட்டலக்காரர் மணியடிப்பார். மதியம் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். மாலையில் வசந்தம் தொலைக்காட்சியில் நாடகம். இடையிடையே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கல்யாணப் புகைப்படம் நாற்பது.

1998க்குப் பிறகு கட்டப்பட்ட வீடுகளில் இதற்கு ஒரு மறைவிடம் இருக்கிறது. எல்லோரும் ‘பாம் ஷெல்டர்’ என்று சொல்லும் பாதுகாப்பறைதான் அது. தடித்த கான்கிரீட் சுவர், கனமான இரும்புக் கதவு, சன்னல் கிடையாது. பெரும்பாலான வீடுகளில் அரிசி மூட்டையும் பழைய மின்விசிறியும் பயணப்பெட்டியும் அங்கேதான் கிடக்கும். ஒரு மடக்குமேசையும் சின்ன மின்விசிறியும் போட்டால் எழுதும் அறை தயார். புழுக்கம் இருக்கும், ஆனால் டிரில் சத்தம் பாதிதான் கேட்கும். அதன் சுவரை உடைக்கவோ கதவைக் கழற்றவோ நினைக்கக் கூடாது. சட்டம் இடம் தராது. நாவலில் நாயகியைப் பூட்டிவைக்கவும் இதைவிடப் பொருத்தமான இடம் இந்த ஊரில் கிடைக்காது.

மற்றவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

அமெரிக்க மர்ம நாவலாசிரியை மேரி ஹிக்கின்ஸ் கிளார்க் 1964இல் கணவரை இழந்தார். ஐந்து பிள்ளைகள். வேலைக்குப் போய்க்கொண்டே, விடிகாலை ஐந்து மணிமுதல் ஏழு மணிவரை சமையலறை மேசையில் எழுதினார். 1975இல் வந்த ‘வேர் ஆர் த சில்ரன்?’ அவரை உலகறியச் செய்தது. அகதா கிறிஸ்டிக்கு நெடுங்காலம் தனி எழுத்தறையே இருந்ததில்லை. ஆடாத ஒரு மேசையும் தட்டச்சுப் பொறியும் அவருக்குப் போதும்.

சிங்கப்பூரிலேயே வாழும் ஷாமினி ஃபிளின்ட், வழக்குரைஞர் வேலையை விட்டுக் குழந்தை வளர்ப்பில் இறங்கிய பிறகு எழுத்துக்கு வந்தவர். முதலில் சிறுவர் நூல்கள். 2009 முதல் இன்ஸ்பெக்டர் சிங் துப்பறியும் வரிசையில் ஆங்கிலத்தில் ஏழு நாவல்கள். அவற்றில் ஒன்று சிங்கப்பூர்ச் சட்ட நிறுவனம் ஒன்றில் நடக்கும் கொலையைப் பற்றியது. விட்டுவந்த வேலையே கதைக்குக் களமானது.

தொல்லையையே கதையாக்கிய தமிழ் முன்னோடியும் இங்கே உண்டு. வானொலியில் பணியாற்றிய பி. கிருஷ்ணன், புனைபெயர் புதுமைதாசன், எழுதிய ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’ வானொலி நாடகம், மாடிவீட்டு வாழ்க்கையின் அன்றாடக் கூத்துகளை வைத்தே நேயர்களைக் கட்டிப்போட்டது. 2008இல் அவருக்குக் கலாசாரப் பதக்கம் கிடைத்தது.

ஊர் கொடுப்பதும் கெடுப்பதும்

மர்மக் கதைக்குச் சிங்கப்பூர் கொஞ்சம் கஷ்டமான ஊர். ஆளை ஒளித்துவைக்க இடம் குறைவு. காவல்துறை 90,000க்கும் மேற்பட்ட கண்காணிப்புக் கேமராக்களைப் பொருத்தியிருக்கிறது. மின்தூக்கி வாசலிலும் கார்ப்பேட்டையிலும் அவை கண்ணில் படும். துப்பாக்கியை எடுத்துச் சுடும் வில்லனை எழுதுமுன் யோசிக்க வேண்டும். காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டால், குண்டு யார்மேலும் படாவிட்டாலும் மரண தண்டனை. நீதிமன்றக் காட்சியில் ஜூரிகளை உட்காரவைத்தால் வாசகர் சிரிப்பார். அந்த முறை 1969இலேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. அதிகாலை இரண்டு மணிக்கு எம்ஆர்டியில் துரத்தல் காட்சி வைக்க முடியாது. நள்ளிரவு வாக்கில் ரயில் நின்றுவிடும்.

கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்பதும் முக்கியம். லிட்டில் இந்தியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கோவிட் காலத்துக்கு முன்பு முஸ்தபா சென்டர் 24 மணி நேரமும் திறந்திருந்தது. அப்போதைய நாயகி விடிகாலை மூன்று மணிக்கும் அங்கே கூட்டத்தில் கலந்து தப்பிக்கலாம். இப்போதைய நாயகிக்கு அந்த வசதி இல்லை. 2013 டிசம்பர் 8 அன்று ரேஸ் கோர்ஸ் ரோட்டில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, 2015இல் மதுபானச் சட்டம் வந்தது. இரவு பத்தரைக்கு மேல் பொது இடத்தில் யாரும் குடிக்கக் கூடாது. லிட்டில் இந்தியாவில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. இந்த வட்டாரத்தின் புல்வெளியில் நள்ளிரவில் பீர் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கும் சாட்சியை வைத்தால், அவர் முதலில் தன் வழக்கைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆனால் ஊர் கொடுப்பதும் நிறைய. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலில் கிளம்பும் காவடிகள் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போகும். மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான அந்தப் பாதையில், மஞ்சள் உடைக் கூட்டத்துக்குள் ஒருவரைப் பின்தொடர்வதும் தவறவிடுவதும் சுலபம். தேக்கா சந்தைக்குப் பல வாசல்கள். பழைய புளோக்குகளில் சமையலறைக்குள்ளேயே குப்பைக்குழாய் இருக்கும். புதிய புளோக்குகளில் மாடிக்கு ஒன்று, வெளியே. தடயத்தைப் போடப் போகிறவன் அடுத்த வீட்டார் கண்ணில் படுவானா மாட்டானா என்பதை இந்த வேறுபாடே முடிவுசெய்துவிடும்.

காதலுக்கும் இங்கே தனிக் கணக்கு உண்டு. “பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பிப்போமா?” என்று கேட்டாலே கல்யாணத்துக்குக் கேட்டதாக அர்த்தம். பிடிஓ என்பது விண்ணப்பம் வாங்கிய பிறகு வீவக கட்டித்தரும் புது வீடு. கல்யாணமாகாத தனியாள் பொதுவாக 35 வயதுக்குப் பிறகுதான் வீவக வீடு வாங்க முடியும். சேர்ந்து வீட்டுக்கு விண்ணப்பித்த பிறகு ஒருவர்மேல் ஒருவருக்குச் சந்தேகம் வந்தால் என்ன ஆகும்? சென்னையிலோ லண்டனிலோ எழுதுகிறவருக்கு வாய்க்காத மர்மக் காதல் கதை அது.

இதையெல்லாம் சரிபார்க்க வெகுதூரம் போக வேண்டாம். லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து டௌன்டவுன் ரயிலில் ரோச்சோர், அடுத்து பூகிஸ். இரண்டே நிறுத்தம். விக்டோரியா ஸ்திரீட்டில் 2005இல் திறக்கப்பட்ட தேசிய நூலகக் கட்டடம் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். தமிழ் நூல்கள், பழைய நாளிதழ்கள், குளிர்சாதனம் எல்லாம் உண்டு. வெங்காயம் உரிக்கக் கூப்பிட ஆள் இல்லை.

பிழைக்க முடியுமா?

இந்த எழுத்தை மட்டும் நம்பிப் பிழைப்பது தமிழில் மிகக் கடினம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு; 2010இல் அது 3.3 விழுக்காடாக இருந்தது. அதனால்தான் இங்குள்ள தமிழ் எழுத்தாளர்களில் ஆசிரியர்களும் வானொலி, பத்திரிகைக்காரர்களும் இல்லத்தரசிகளும் அதிகம். கைகொடுக்கச் சில ஏற்பாடுகள் உண்டு. தேசிய கலைகள் மன்றம் மானியம் வழங்குகிறது. சிங்கப்பூர் இலக்கியப் பரிசில் தமிழ்ப் புனைவுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. 1976இல் தொடங்கிய சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் கதைக்களம் நடத்திப் புதியவர்களை எழுதவைக்கிறது.

சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர் இரண்டு செய்திகளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் நூல் வெளியான நான்கு வாரத்துக்குள் இரண்டு பிரதிகளைத் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைப்பது சட்டம். நாவலின் பதிப்புரிமை ஆசிரியர் காலமாகி 70 ஆண்டுவரை நீடிக்கும். 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத்தின்படி, படைப்பைப் பொதுவில் பயன்படுத்துகிறவர் படைத்தவரின் பெயரைச் சொல்லியாக வேண்டும். தொலைக்காட்சி நாடகத்துக்குக் கதை கேட்டு யாராவது வந்தால், முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள், காப்பியைப் பிறகு குடிக்கலாம்.

எழுத நினைப்பவருக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. நேரம் கிடைக்கும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, அதை வீட்டாரிடம் வாய்விட்டுச் சொல்லிவையுங்கள். வீட்டாருக்குச் சொல்ல இரண்டு. அந்த ஒரு மணி நேரத்தில் அவரைக் கூப்பிடாதீர்கள். புத்தகம் வந்ததும் இலவசப் பிரதி கேட்காமல் காசு கொடுத்து வாங்குங்கள்.