டச்சு எலி: கடையில் வாங்குவதா, தத்தெடுப்பதா?

மலாயில் இதன் பெயர் ‘தீக்குஸ் பெலாண்டா’, அதாவது டச்சு எலி. சீன மொழியில் வழங்கும் பெயர்களில் ஒன்று இதை ‘இந்திய எலி’ என்கிறது, இன்னொன்று ‘ஆலந்துப் பன்றி’ என்கிறது. ஆங்கிலம் ஆப்பிரிக்காவின் கினியைக் கொண்டுவந்து ஒட்டியது. தமிழ் அதையே கினிப்பன்றி என்று ஏற்றுக்கொண்டது. மலேசியாவின் பொந்தியான் கடைத்தெருவில் இத்தனை ஊர்ப் பெயரோடு அழைக்கப்படும் இந்தப் பிராணி அந்த ஊர்கள் எதிலும் தோன்றியதல்ல. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டில், இன்றைய பெரு, பொலிவியா பகுதிகளில், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இறைச்சிக்காக வீட்டில் பழக்கப்பட்ட கொறிவிலங்கு இது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போய், அங்கே மடியில் வைத்துக் கொஞ்சும் பிராணியாக மாறியது. மலாயில் ‘பெலாண்டா’ என்பது ஏறக்குறைய தமிழின் ‘சீமை’ போல. வான்கோழி அங்கே ‘ஆயாம் பெலாண்டா’, முள்சீத்தா ‘டுரியான் பெலாண்டா’. கப்பலில் வந்தது எதுவானாலும் டச்சுக்காரன் தலையில் கட்டிவிடுவது அந்தக் கால வழக்கம்.

ஜொகூரின் தென்மேற்குக் கரையில் இருக்கும் பொந்தியான் அன்னாசிக்கும் செம்பனைக்கும் கூக்குப் மீனவர் கிராமத்துக்கும் பெயர்போன மாவட்டம். இங்கே கினிப்பன்றி வளர்க்க விரும்பும் குடும்பத்துக்கு முதலில் கண்ணில் படுவது செல்லப் பிராணிக் கடைதான். தத்தெடுப்பது என்றால் பேச்சு உடனே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஜொகூர் பாருவுக்குப் போய்விடும். மலேசியாவின் விலங்குக் காப்பகங்களில் பெரும்பாலானவை நாய், பூனைகளுக்காக உருவானவை. கினிப்பன்றி, முயல், ஹேம்ஸ்டர் போன்ற சிறு பிராணிகளைப் பொறுத்தவரை தத்து என்பது பெரிய கட்டடமும் பெயர்ப்பலகையும் உள்ள ஓர் இடமல்ல. வளர்க்க முடியாமல் கைவிடும் குடும்பத்திடமிருந்தோ, அப்படிக் கைவிடப்பட்டவற்றைத் தம் வீட்டு அறையில் வைத்துத் தேற்றும் தன்னார்வலரிடமிருந்தோ பெறுவதுதான் பெரும்பாலும் தத்து. ஆகவே ‘கடையா, மீட்பகமா’ என்ற கேள்வி இவ்வூரில் சற்று உருமாறி வருகிறது: கடந்தகாலம் தெரியாத குட்டியா, கடந்தகாலம் தெரிந்த வளர்ந்த பிராணியா?

கடையில் விற்கப்படுவது பொதுவாகச் சில வாரக் குட்டி. அந்த வயதில் ஆண், பெண் வேறுபாடு பழகாத கண்ணுக்குத் தெரியாது. முயலுக்கும் ஹேம்ஸ்டருக்கும் தீவனம் போட்டுக்கொண்டே கல்லாவையும் பார்க்கும் ஊழியர் ‘ரெண்டும் பொண்ணுதான்’ என்று சொன்னால் அது நம்பிக்கையே தவிர உறுதி அல்ல. பெண்ணின் குறிப்பகுதியில் கவட்டைபோல் கிளைவிடும் கோடு தெரியும். ஆணுக்கு ஒரு புள்ளியும் அதன் கீழே நேர்கோடும். சற்று மேலே மெல்ல அழுத்தினால் உறுப்பு வெளிவரும். இதைச் செய்து காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. செய்து காட்டத் தெரியாத கடையில் எல்லாக் குட்டிகளும் ஒரே கூண்டில் கிடந்தால், வாங்கும் பெண்குட்டி ஏற்கெனவே சினையாக இருக்க வாய்ப்புண்டு. கினிப்பன்றியில் பெண் நாலைந்து வாரத்திலேயே கருத்தரிக்கக் கூடியது. ஆண்குட்டிகளை மூன்று வாரத்தில் தாயிடமிருந்து பிரிக்கச் சொல்வதும் இதனால்தான்.

சினைக்காலம் 59 முதல் 72 நாள். எலிக்குட்டிபோல் கண் திறக்காமல், உரோமமில்லாமல் பிறப்பதில்லை. பிறந்த அன்றே கண் விழித்து, ஓடி, ஓரிரு நாளில் புல்லையும் கடிக்கத் தொடங்கும் முழுமையான குட்டிகள். அதைவிட வியப்பானது, ஈன்ற சில மணி நேரத்திலேயே தாய் மீண்டும் கருத்தரிக்கத் தயாராகிவிடுவது. இரண்டு பெண் என்று சொல்லி ஆணும் பெண்ணுமாகக் கொடுக்கப்பட்ட ஒரு சோடியைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஈற்றுக்கு மூன்று குட்டி என்று வைத்தால், பத்து வாரத்தில் இரண்டு ஐந்தாகும். அன்றே கருவுற்ற தாய் அடுத்த பத்து வாரத்தில் எட்டாக்கும். அதற்குள் முதல் ஈற்றின் பெண்குட்டிகள் சினையாகியிருக்கும். ஆறு மாதம் முடியும்போது கூண்டில் பத்துக்கு மேல் இருக்கும். பிறந்தநாள் பரிசாக வந்த சோடி, ஆண்டு திரும்புமுன் ‘இலவசமாகத் தருகிறோம்’ என்ற விளம்பரமாக மாறுவதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. தத்துக்கு வரும் கினிப்பன்றிகளில் ஒரு பகுதி இப்படிக் கடையின் ஒரு தவறான சொல்லிலிருந்து பிறந்தவை.

தாய்க்கும் இது விளையாட்டல்ல. குட்டிகள் பெரியவை, தாயின் இடுப்பெலும்பு இணைப்பு விரிந்து கொடுத்தால்தான் வெளிவரும். ஏழெட்டு மாதம் வரை ஒருமுறையும் ஈனாத பெண்ணுக்கு அந்த இணைப்பு இறுகிவிடும். அதன்பின் முதன்முறை சினையானால் அறுவை செய்யாமல் பிழைப்பது அரிது.

வாங்கும்போது பாலினத்துக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது உடல்நிலை. உரோமம் சிலிர்த்துக் கூனிக் குந்தியிருப்பது, கண்ணோரம் பொருக்கு, மூக்கில் நீர், தாடையில் எச்சில் ஈரம் ஆகியவை நோயின் முகங்கள். ஓயாமல் சொறிவதும் திட்டுத் திட்டாக உரோமம் உதிர்வதும் சொறி உண்ணியாகவோ படர்தாமரையாகவோ இருக்கலாம். படர்தாமரை பிள்ளைகளின் கைக்கும் தொற்றும். முயலோடு ஒரே கூண்டில் வைத்திருந்தால் இன்னொரு கவலை. முயலுக்குத் தொந்தரவு தராமல் அதன் மூச்சுக்குழாயில் தங்கியிருக்கும் ஒரு கிருமி கினிப்பன்றிக்கு நிமோனியாவைத் தரும். வீட்டில் வேறு கினிப்பன்றி இருந்தால், கடையிலிருந்து வந்தாலும் தத்தாக வந்தாலும், புதியதை இரண்டு மூன்று வாரம் தனி அறையில் வைப்பதே முறை.

உணவில் பெரும்பாலானோர் வழுக்கி விழும் இடம் வைட்டமின் சி. மனிதரைப் போலவே கினிப்பன்றியின் உடலும் அதைத் தானே ஆக்கிக்கொள்ளாது. 1907-இல் நார்வேயின் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃபுரோலிஹ் என்ற இருவர் தானியம் மட்டும் கொடுத்து வளர்த்த கினிப்பன்றிகளுக்கு மாலுமிகளைக் கொன்ற ஸ்கர்வி நோய் வருவதைக் கண்டார்கள். வைட்டமின் சி பற்றிய ஆய்வுக்கு வழி திறந்தது அந்தக் கண்டுபிடிப்பு. நூறாண்டு கடந்தும் முயல் தீவனத்தையே கினிப்பன்றிக்கும் அளந்து கொடுக்கும் கடைகள் உண்டு. முயலுக்கு வைட்டமின் சி சேர்க்கத் தேவையில்லை என்பதால் அந்தத் தீவனத்தில் அது இருக்காது. கினிப்பன்றிக்கென்றே செய்த தீவனத்திலும் சேர்த்த சத்து சில மாதங்களில் குறைந்துவிடும். பொந்தியானின் வெக்கையும் ஈரமும் அதை இன்னும் விரைவாக்கும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் தேவை. ஒரு துண்டு குடைமிளகாயும் கைப்பிடிக் கொத்தமல்லியும் அதில் பெரும்பகுதியைத் தந்துவிடும். வீட்டுக் கொல்லையில் காய்க்கும் கொய்யாவில் ஆரஞ்சைப்போல் நான்கு மடங்கு உண்டு. இனிப்பு அதிகம் என்பதால் ஒரு சின்னக் கீற்று போதும்.

மற்றபடி முக்கிய உணவு புல்லும் உலர்புல்லும். வாழ்நாள் முழுதும் வளரும் பற்கள் தேய வேண்டுமானால் நாளெல்லாம் நார் மெல்ல வேண்டும். கப்பலில் வரும் திமோத்தி உலர்புல் விலையேறியது என்பதால் மாட்டுக்கு வளர்க்கும் நேப்பியர் புல்லைப் பயன்படுத்துவோரும் உண்டு. செம்பனைத் தோட்ட ஓரங்களில் முளைத்த புல்லை அறுத்துப் போடுவதுதான் ஆபத்து. பாராகுவாட் களைக்கொல்லியை மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டாலும், தோட்டங்களில் மற்ற களைக்கொல்லிகள் அடிக்கப்படுகின்றன. பசுமையாகத் தெரியும் புல் நேற்று மருந்து பட்டதாக இருக்கலாம்.

வெப்பம் அடுத்த இடர். மலைக்குளிரில் உருவான உடல் இது. 18 முதல் 24 டிகிரி வரை சுகமாக இருக்கும், முப்பதை நெருங்கினால் வெப்ப அதிர்ச்சியில் மடங்கிவிடக் கூடும். பொந்தியானில் நண்பகல் வெயில் ஆண்டெல்லாம் முப்பதைத் தாண்டுவதுதான். தகரக் கூரை போட்ட பின்கட்டு இதற்கு இடமல்ல. காற்றோட்டமுள்ள அறை, மின்விசிறி, உறைந்த நீர்ப் போத்தல், படுக்கக் குளிர்ந்த ஓடு இவை எல்லாம் வேண்டும். சோடிக்குக் குறைந்தது ஏழரைச் சதுர அடித் தரை வேண்டும். கடையில் பிராணியோடு சேர்த்து விற்கும் கம்பித்தரைக் கூண்டு பெரும்பாலும் இதில் பாதிகூட இருக்காது, பாதத்தையும் புண்ணாக்கும். மருத்துவச் செலவு தனி. நாய், பூனைக்கு வழக்கமாகத் தரும் அமாக்ஸிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்தை வாய்வழி கொடுத்தால் கினிப்பன்றியின் குடல் நுண்ணுயிர்கள் அழிந்து அதுவே உயிரைப் பறிக்கும். ஆகவே சிறு பிராணிகளைப் பார்த்துப் பழகிய மருத்துவரைத் தேட வேண்டும். இந்தக் கணக்கில் கடைக்காரர் வாங்கும் விலை மிகச் சிறிய வரி.

தத்தின் மதிப்பு இங்கேதான் தெரிகிறது. ஒரு வயது தாண்டிய பிராணியின் பாலினத்தில் ஐயம் இருக்காது. எடை எவ்வளவு, என்ன தின்னும், யாரோடு ஒத்துப்போகும், கையில் எடுத்தால் கடிக்குமா என்பதெல்லாம் வளர்த்தவருக்குத் தெரியும். பொறுப்பான மீட்பாளர் சினையுள்ளதா என்று காத்திருந்து பார்த்து, நோயிருந்தால் மருந்து கொடுத்து, பழகிய சோடியைப் பிரிக்காமல் கொடுப்பார். ஒரு சிறு கட்டணம் கேட்பார், கூண்டின் படம் கேட்பார், வளர்க்க முடியாவிட்டால் தம்மிடமே திருப்பித் தரவேண்டும் என்று எழுதி வாங்குவார். ‘சும்மா தருகிற பிராணிக்கு இத்தனை விசாரணையா’ என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. அந்த விசாரணைதான் பிராணிக்குக் காவல். எதுவும் கேட்காமல் இலவசமாகக் கைமாறுபவை சில நேரம் பாம்பு வளர்ப்பவரின் தீவனமாகவும் முடிகின்றன.

தத்து எல்லாவற்றுக்கும் மருந்தாகிவிடாது. மீட்பாளரிடமிருந்தல்லாமல் நேரே ஒரு குடும்பத்திடமிருந்து வாங்கும்போது, கடைக்காரரைப் போலவே அவர்களும் தவறாகச் சொல்லக்கூடும். தொல்லை தரும் நோயை மறைத்தும் விடலாம். வயதை இரண்டு ஆண்டு குறைத்துச் சொல்வது சாதாரணம். ஏன் கொடுக்கிறார்கள், கடைசியாக மருத்துவரிடம் எப்போது போனது, எதிர்பாலினத்தோடு இருந்ததா, இப்போது என்ன தீவனம் என்ற நான்கு கேள்விக்கும் தடுமாறாமல் பதில் வந்தால்தான் முன்னே போகலாம். கினிப்பன்றி 5 முதல் 8 ஆண்டு வாழும். நான்கு வயதானதை ஏற்கும் பிள்ளைக்குப் பிரிவும் சீக்கிரம் வரும்.

மலேசியாவில் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017-இல் நடைமுறைக்கு வந்தது. விலங்கு விற்கும், இனப்பெருக்கம் செய்யும் தொழிலுக்குக் கால்நடைச் சேவைத் துறையின் உரிமம் வேண்டும்; உரிய உணவும் இடமும் சிகிச்சையும் தருவது உரிமையாளரின் கடமை. கொடுமைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். முந்தைய சட்டத்தில் அபராதம் நெடுங்காலம் 200 ரிங்கிட்டாக மட்டுமே இருந்தது. ஆனால் ஆணையும் பெண்ணையும் ஒரே கூண்டில் போடுவதைக் கொடுமை என்று யாரும் வழக்குத் தொடுப்பதில்லை. வேறு நாடுகளில் சட்டம் கடை வாசல் வரை வந்திருக்கிறது. கலிபோர்னியாவில் 2019 முதல் கடைகள் காப்பகத்து நாய், பூனை, முயல்களைத்தான் தர முடியும்; கினிப்பன்றி அந்தப் பட்டியலில் விடுபட்டது. நியூயார்க் நகரம் 2023-இல் கடைகளில் கினிப்பன்றி விற்பனையையே தடுக்கும் சட்டம் கொண்டுவந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலடைந்தவர்கள் வாங்கிய பிராணிகள், பள்ளியும் அலுவலகமும் திறந்தபின் காப்பகங்களில் வந்து குவிந்ததே காரணம். பிரிட்டனில் ஒரு பெரிய செல்லப் பிராணி நிறுவனம் தன் கடைக்குள்ளேயே தத்துப் பகுதி வைத்திருக்கிறது. பொந்தியான் போன்ற சிறு நகரத்துக்குப் பொருந்தக் கூடியது இந்த வழிதான். மக்கள் எப்படியும் கடைக்குத்தான் போவார்கள்.

சிங்கப்பூர் அருகில் இருப்பதால் அங்குள்ள பிராணிவதைத் தடுப்புச் சங்கத்தில் தத்தெடுத்து வரலாமே என்று தோன்றலாம். அச்சங்கம் கினிப்பன்றிகளுக்கும் வீடு தேடித் தருவது உண்மை. ஆனால் எல்லை தாண்ட இரு நாட்டு அனுமதியும் வேண்டும். காரின் இருக்கைக்கடியில் கூடையை வைத்து துவாஸ் எல்லைச் சாவடியைக் கடப்பது குற்றம்.

கினிப்பன்றி தனியே வாழ்வதில்லை. சோடியில் ஒன்று இறந்ததும் மற்றது தீனியில் நாட்டம் குறைந்து ஒடுங்கிவிடுவது உண்டு. அதற்குத் துணையாகக் கடையில் ஒரு குட்டியை வாங்கினால், முதியது போனபின் அந்தக் குட்டி தனித்துவிடும். அதற்கு இன்னொன்று என்று சங்கிலி நீளும். தத்தில் அதே வயதுடைய ஒன்றைத் தேடிச் சேர்த்துவிட முடியும். தனியாக வளர்ப்பதை 2008-இல் சட்டத்தால் தடை செய்த சுவிட்சர்லாந்தில், மிஞ்சிய ஒன்றுக்காக முதிய துணையை வாடகைக்குத் தருவோரும் இருக்கிறார்கள். அது இறந்ததும் வாடகைப் பிராணி திரும்பிப் போய்விடுகிறது, வீட்டில் கூண்டு காலியாகிறது.