கடற்பனிக்கு அடியில் நன்னீரின் பூர்வீகம்

ஆர்க்டிக் பெருங்கடலில் கடற்பனிக்கு அடியில் கிடக்கும் மேல்மட்ட நீர், ஆழத்து நீரைவிட உப்புக் குறைந்தது. அதில் கலந்த நன்னீர் ஓப், எனிசேய், லேனா முதலிய சைபீரிய ஆறுகள் கொண்டுவந்து சேர்த்ததா, கடற்பனி உருகிச் சேர்ந்ததா என்பதை உப்பளவை மட்டும் கொண்டு அறிய இயலாது. அதைப் பிரித்துக் காட்டுவது நீரிலுள்ள ஆக்சிஜனே.

ஆக்சிஜன் அணுக்களில் மிகப் பெரும்பாலானவற்றின் நிறை எண் 16. ஏறத்தாழ ஐந்நூற்றில் ஒன்று மட்டும் இரண்டு நியூட்ரான்கள் கூடி 18 ஆக உள்ளது. ஒரே தனிமத்தின் இத்தகைய எடை வேறுபட்ட அணுக்களே ஐசோடோப்புகள், அதாவது ஓரிடத்தான்கள். வெப்பக் கடல்களிலிருந்து எழும் நீராவி, துருவத்தை நோக்கிச் செல்லும் வழியெல்லாம் கனமான ஆக்சிஜன் கொண்ட நீரையே முந்திப் பொழிந்துவிடுவதால், சைபீரிய ஆறுகளில் அது பெருங்கடல் நீரைவிட ஆயிரத்துக்குச் சுமார் 20 பங்கு குறைந்திருக்கிறது. கடற்பனியோ கடல் நீரே உறைந்தது. உறையும்போது உப்பின் பெரும்பகுதியை வெளியே தள்ளும் அது, கனமான ஆக்சிஜனைச் சற்றுக் கூடுதலாகவே தன்னிடம் வைத்துக்கொள்கிறது.

ஆகவே, கிலோவுக்கு 35 கிராம் உப்புள்ள நீரில் பத்தில் ஒரு பங்கு ஆற்று நீர் கலந்தால் உப்பு 31.5 கிராமாகக் குறையும். பனி உருகிய நீர் கலந்தாலும் ஏறக்குறைய அவ்வளவே. ஆக்சிஜன் அளவோ ஆற்று நீரால் ஆயிரத்துக்கு 2 பங்கு தாழும். பனிநீரால் பெரிதாக மாறுவதில்லை. 0.1 பங்கினும் சிறிய வேறுபாட்டையும் இன்றைய கருவிகள் காட்டிவிடும்.

உண்மையான இடர்ப்பாடு நீரை எடுப்பதில்தான் இருக்கிறது. பனியில் துளையிட்டு, மேலே மிதக்கும் பனித்தூளை அள்ளி அகற்றி, இருபுறமும் திறந்த குழல் போன்ற புட்டியைக் கம்பியில் இறக்குவர். கம்பி வழியே நழுவவிடும் சிறு எடை வந்து தட்டியதும் அதன் மூடிகள் மூடிக்கொள்ளும். உறைநிலையை ஒட்டி நிற்கும் அந்த நீர், பூஜ்யத்துக்குக் கீழ் 30 பாகையிலுள்ள காற்றுக்கு வந்த உடனேயே புட்டிக்குள் பனி ஊசிகளாக உறையத் தொடங்கினால், கனமான ஆக்சிஜன் அவற்றில் சேர, வடித்தெடுக்கும் எஞ்சிய நீர் பொய்யான அளவைத் தரும். சேமிக்கும் குப்பியின் மூடி தளர்ந்திருந்தால் நேர்வது வேறொரு பிழை: இலேசான நீர் முதலில் ஆவியாகி, மாதிரி கனத்துவிடும்.

1953இல் எப்ஸ்டைனும் மயேடாவும் வகுத்த முறையில், நீரோடு கார்பன் டை ஆக்சைடை ஆக்சிஜன் பரிமாறச் செய்து, அந்த வாயுவை நிறைமானியில் அளந்தனர். இப்போது லேசர் கருவிகளும் பயன்படுகின்றன. உப்பளவையும் ஆக்சிஜன் அளவையும் இணைத்து ஆர்க்டிக் நன்னீரைப் பிரித்துக் கணக்கிடும் வழியை 1984இல் ஓஸ்ட்லுண்டும் ஹட்டும் விரிவாகக் காட்டினர்.

இக்கணக்கில் பனிநீரின் பங்கு பல இடங்களில் எதிர்க்குறியோடு வருவதுதான் மிகவும் கவனிக்கத்தக்கது. அது பிழையன்று, அந்த நீரிலிருந்து பனி உறைந்து நீங்க, உப்பு மட்டும் தங்கிவிட்டது என்பதே பொருள். அப்பனிப்பாளம் அதற்குள் ஃபிராம் நீரிணை வழியே அட்லாண்டிக்குக்குப் போய் உருகியிருக்கக்கூடும். எனினும் எவ்வளவு பனி உறைந்து நீங்கியது என்பதை, அது விட்டுச்சென்ற நீரைக் கொண்டே கணக்கிட முடிகிறது.