உஷார்! டயரில் உள்ள '400'-ஐ நம்பி மழையில் வண்டியை எடுக்காதீர்கள்

கார் டயரின் பக்கவாட்டில் 'ட்ரெட்வேர் 400' என்று இருந்தால், அதை நூறால் பெருக்கி, 40,000 கிலோமீட்டர் உழைக்கும் என்று கணக்குச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பட்டன் தேய்ந்த டயரில் மழை ரோட்டில் போவது உயிரோடு விளையாடுவது.

அந்த எண் பிறப்பது அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்துச் சான் ஆஞ்செலோவில். அங்கே சோதனைக்கென்று குறித்த சுமார் 640 கி.மீ. சாலைச் சுற்று இருக்கிறது. சோதிக்க வேண்டிய டயரும், ஒப்பிடுவதற்கென்றே வைத்திருக்கும் டயரும் தனித்தனி வண்டிகளில் சேர்ந்தாற்போல் 11,500 கி.மீ. போல ஓடும். ஒப்பீட்டின் அடிப்படை 100. அப்படியானால் 400 என்பது, அந்தச் சாலையில் ஒப்பீட்டு டயரைவிட நான்கு மடங்கு மெதுவாகத் தேயும் என்ற கணிப்பு மட்டுமே. கிலோமீட்டர் பேச்சே அதில் இல்லை. டயரை முழுக்கத் தேய்த்துப் பார்ப்பதும் இல்லை. தேய்ந்தவரை அளந்துவிட்டு மீதியைக் கணக்கில் நீட்டுகிறார்கள். எந்த எண்ணைப் பொறிப்பது என்பதைத் தீர்மானிப்பவரும் தயாரிப்பாளர்தான்.

ஆய்வகச் சோதனை இன்னும் சின்னது. சுழலும் உருளையில் எமரி தாளைச் சுற்றி, ஒரு ரப்பர் வில்லையை 10 நியூட்டன் விசையில் அழுத்தி, 40 மீட்டர் தேய்த்து எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள். வெறும் 40 மீட்டர்! கலவைகளைத் தரம் பார்க்க அது உதவும்; உங்கள் டயரின் ஆயுளை அது சொல்லாது. ஒரு சூட்டில் முந்துகிற ரப்பர் இன்னொரு சூட்டில் பின்தங்கிவிடும். கம்ப்யூட்டர் மாதிரிகள் உராய்வில் செலவாகும் ஆற்றலை வைத்துத் தேய்மானத்தைக் கணிக்கின்றன. ஆனால் உங்கள் டயரில் காற்று குறைந்திருப்பதோ, போன வாரம் பள்ளத்தில் இறங்கி அலைன்மென்ட் விலகியதோ அவற்றுக்குத் தெரியாது.

அலைன்மென்ட்டை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சக்கரம் உருளும் திசைக்கும் வண்டி போகும் திசைக்கும் இடையிலான கோணம் இரண்டு மடங்கானால் தேய்மானம் ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பதை ஷாலமாக், டர்னர் என்ற இரு ஆய்வாளர்கள் 1960-லேயே காட்டிவிட்டார்கள்.

அலைன்மென்ட் விலகியிருப்பதை நீங்களே கையால் கண்டுபிடிக்கலாம். வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவிட்டு, முன் டயரின் பட்டன் மேல் உள்ளங்கையைக் குறுக்காகத் தடவுங்கள். கம்பி ஏதும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளிருந்து வெளியே வரும்போது வழுக்கி, வெளியிலிருந்து உள்ளே போகும்போது ரம்பப் பல் போலக் கையைப் பிடித்தால், அல்லது இதற்கு நேர்மாறாக இருந்தால், சக்கரம் கோணலாக இழுபடுகிறது. வெளிப்பக்கம் நன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். உள்விளிம்பு மட்டும் மொட்டையாகியிருக்கலாம்.

பிறகு பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளத்துக்குள் பாருங்கள். ஆங்காங்கே சிறு மேடுகள் தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் மிச்சம் 1.6 மி.மீ.தான். கார் டயருக்கு அதுவே சட்டத்தின் கடைசி எல்லை. மழைக்கு அது போதாது. பள்ளம் ஆழம் குறையக் குறையத் தண்ணீரை வெளியேற்ற முடியாமல் டயர் நீர்மேல் மிதக்கத் தொடங்கும். அப்போது பிரேக்கும் கேட்காது, ஸ்டியரிங்கும் கேட்காது. 3 மி.மீ.க்கு வந்ததுமே புது டயருக்கு ஏற்பாடு செய்யுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் நான்கு டயரையும் தடவிப் பாருங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து.