பஞ்சுயிரின் அணுக்கள்

கடல் காணாத தருமபுரிச் சீமையில் வளர்ந்த யாம், பஞ்சுயிர் கடலுக்கே உரியதென்று எண்ணியிருந்தோம். குளங்களிலும் அவ்வினம் உண்டு. கல்லிலும் மூழ்கிய கோலிலும் பாசிபோற் படர்ந்திருத்தலின், அதனைப் பிராணியென அறிவார் சிலரே.

வாயும் வயிறும் நரம்பும் இல்லா இவ்வுடலில் உயிரணுக்களே யாவும் செய்யும். கழுத்துப்பட்டை அணிந்தாற்போன்ற சில அணுக்கள் நுண்ணிய சாட்டையைச் சுழற்றி நீரை உள்ளிழுத்து இரை பற்றும். உருவம் நிலையாது ஊர்ந்து திரியும் வேறு சில, அவ்விரையை வாங்கிச் சீரணித்து ஏனையவற்றிற்கு வழங்கும். வேண்டுங்கால் தோலணுவாகவும், முள் ஆக்கும் அணுவாகவும், முட்டையாகவும் மாறும். சாட்டையணுவும் தன் தொழிலை விட்டு விந்தணுவாதல் உண்டு.

1907-இல் வில்ஸன் என்னும் அமெரிக்க அறிஞர் கடற்பஞ்சு ஒன்றை மெல்லிய பட்டுத்துணியிற் பிழிந்து அணுவணுவாகப் பிரித்தார். அவ்வணுக்கள் ஊர்ந்து ஒன்றையொன்று பற்றித் திரண்டு, நாளடைவில் மீண்டும் பஞ்சாயின! அங்ஙனமாயின் இஃது ஒரு பிராணியோ, பலவற்றின் கூட்டமோ? ஒன்றென்றே யாம் கொள்வோம். கூடிய பின்னரன்றோ உடலுள் நீர் ஓடுகின்றது.

குளத்துப் பஞ்சு மடியுங்கால், ஊரும் அணுக்கள் உணவைச் சேமித்துக்கொண்டு, ஓடு சூழ்ந்த சிறு மணிகளுள் ஒடுங்கும். பம்பாயில் மருத்துவராயிருந்த கார்ட்டர் 19-ஆம் நூற்றாண்டில் இவற்றை ஆராய்ந்தார். வறண்ட குளத்தில் மணிகள் மழைக்குக் காத்துக் கிடக்கும். நீர் நிறைந்ததும் ஓட்டிலுள்ள துளைவழியே அணுக்கள் வெளிப்பட்டுப் புதிய பஞ்சைக் கட்டத் தொடங்கும்.