குற்றத்தின் கடன் யார் தலையில்?

ஊத்துக்கோட்டை வழியே செல்லும் சென்னை–திருப்பதி சாலையின் ஓரத்தில் சற்று நேரம் நின்று பார்ப்போர்க்கு நம் காலத்தின் வேகம் விளங்கும். ஆந்திர எல்லையை நோக்கி விரையும் பேருந்துகளும் லாரிகளும் ஒருபுறம். தொழிற்சாலை ஷிப்டுக்கு நேரமாயிற்றென்று பறக்கும் மோட்டார் சைக்கிள்கள் மறுபுறம். ஓட்டுவோரைக் கேட்டால், "இன்ஷூரன்ஸ் கட்டியிருக்கிறோம், பயமில்லை" என்பர் பலர். அந்த இன்ஷூரன்ஸ் யாருக்காக, எதுவரை என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம்.

மூன்றாம் நபர் காப்பீடு இந்நாட்டில் 1946 ஜூலை முதல் கட்டாயமாக இருந்து வருகிறது. வண்டி மோதி வழிப்போக்கர் ஒருவர் இறந்தாலோ ஊனமுற்றாலோ, ஓட்டியவர் ஏழை என்ற காரணத்தால் அக்குடும்பம் கைவிடப்படலாகாது என்பதே அதன் நோக்கம். அது அடிபட்டவருக்கு அரண்; அடித்தவருக்கு மன்னிப்புச் சீட்டு அன்று.

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் குடித்து ஓட்டிப் பிடிபட்டவர் மீண்டும் வண்டி ஓட்ட விரும்பினால், தமக்குக் காப்பீடு உண்டென்று கம்பெனியின் மூலம் அரசுக்குச் சான்று தரவேண்டும். பிரீமியமும் பெரிதும் உயரும். நம் நாட்டிலோ மூன்றாம் நபர் பிரீமியம் எஞ்சினின் அளவைப் பொறுத்தது. 2022 ஜூனில் நிர்ணயித்த விகிதப்படி, 75-க்கு மேல் 150 சி.சி. வரையுள்ள மோட்டார் சைக்கிளுக்கு ஆண்டுக்கு 714 ரூபாய். 1000-க்கு மேல் 1500 சி.சி. வரையுள்ள காருக்கு 3,416 ரூபாய். நிதானமாக ஓட்டுபவருக்கும் பலமுறை அபராதம் கட்டியவருக்கும் தொகை ஒன்றே. குற்றங்களுக்குப் புள்ளியிட்டு – குடித்து ஓட்டினால் 100, தவறான இடத்தில் நிறுத்தினால் 10 என – பிரீமியத்தைக் கூட்டலாம், முதலில் டில்லியில் சோதிக்கலாம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அமைத்த குழு 2021-இல் யோசனை கூறிற்று.

ஆகவே குற்றத்தின் விலை பிரீமியத்தில் தெரிவதில்லை; அது பின்னால் வருகிறது. லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைத் தெரிந்தே கொடுத்து விபத்து நேர்ந்தால், கம்பெனி முதலில் அடிபட்டவருக்கு நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டு, பின்னர் அத்தொகையை உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்பது 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி. கம்பெனி எதிர்வாதம் செய்யத்தக்க காரணங்களுள் குடிபோதையையும் 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சேர்த்தது. வசூல், நிலவரி பாக்கியைப்போல் கலெக்டர் மூலமாகவே நடைபெறக்கூடும். வீடும் நிலமும் ஜப்திக்கு வருமாயின், ஒருவர் அருந்திய மதுவுக்கு மனைவி மக்கள் அனைவரும் விலை கொடுக்கின்றனர்.

தம் வண்டிக்கேனும் பணம் கிடைக்குமா? 2007-இல் டில்லி இந்தியா கேட் அருகே விலையுயர்ந்த கார் ஒன்று நடைபாதையில் மோதிக் கவிழ்ந்து எரிந்தது. ரத்தப் பரிசோதனை முடிவு இல்லாதபோதும், மது வாடையையும் விபத்தின் தன்மையையும் நோக்கி, கம்பெனி பணம் மறுத்தது சரியே என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. கர்நாடகத்தில் 2014-இல் வேகமாகவும் அசட்டையாகவும் காரை ஓட்டித் தாமே மாண்ட ஒருவரின் மனைவியும் மகனும் பெற்றோரும் 80 லட்சம் ரூபாய் கேட்டனர். அவர்தம் கோரிக்கை 2025 ஜூலையில் அதே நீதிமன்றத்திலும் ஏற்கப்படவில்லை.

நம் பகுதியில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் மினி லாரியில் உற்றார் உறவினரை ஏற்றிச் செல்கிறோம். சரக்கு வண்டியில் சும்மா ஏறிச் செல்வோருக்குக் காப்பீட்டுக் கம்பெனி பொறுப்பன்று என்பது 2002-ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

பதினெட்டு நிரம்பாத மகனிடம் சாவியைக் கொடுக்கும் பெற்றோரும் சிந்திக்கட்டும். அவன் குற்றமிழைத்தால், பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும்.

எனவே, இன்று மாலை பெட்டியிலுள்ள பாலிசியை எடுத்துத் தேதி முடிந்ததா என்று பார்ப்போம். வீட்டில் வண்டி ஓட்டுவோர் அனைவரின் லைசென்ஸையும் பார்ப்போம். மது அருந்தியவர் கையிலிருந்து சாவியை வாங்கி வைப்பதில் தாய்க்கும் மனைவிக்கும் தயக்கம் வேண்டா. அவர்கள் காப்பது ஓர் உயிரை மட்டுமன்று, சாலையில் எதிரே வரும் முன்பின் அறியாத ஒரு குடும்பத்தையுமாகும்.