காளிக்கு நட்ட கல்

சல்லேஸ்வரர் ஆலயத்தில் பூசை செய்யும் கொரவர், சந்நிதிக்கு முன்னே நிற்கும் கல்லுக்கும் பூசை செய்த பிறகே உணவு கொள்ள வேண்டும். பூசிக்காமல் உண்பாராயின், நாய் செய்த பாவம் அவரைச் சேரும்.

கர்நாடக மாநிலம் மாண்டியா மாவட்டம் மத்தூர் வட்டத்தில் உள்ள ஆதகூர் என்னும் ஊரில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கன்னட மொழியில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு விதித்த நியமம் இது. கொரவர் என்போர் அந்நாட்டில் சிவாலயங்களைப் பேணி வந்த சைவத் தொண்டர். அவர் பசியோடு காத்திருந்து பூசிக்க வேண்டிய அந்தக் கல் காளிக்காக நடப்பட்டது. இந்தக் காளி அம்மன் அல்லள். காட்டுப்பன்றியோடு போரிட்டு, அதனை வீழ்த்தித் தானும் வீழ்ந்த வேட்டைநாய்.

காளியின் கதை தொடங்கும் இடம் தமிழ்நாட்டு அடியார்களுக்கு அயலான ஊர் அன்று. திருஞானசம்பந்தர் பாடிய திருவூறல், இன்று தக்கோலம் என வழங்கும் தலம். அரக்கோணத்தை அடுத்து, ஜலநாதேஸ்வரர் எழுந்தருளியிருக்கும் அவ்வூரில் 949ஆம் ஆண்டு பெரும்போர் ஒன்று நிகழ்ந்தது. ஒருபுறம் முதலாம் பராந்தக சோழரின் மைந்தர் இராசாதித்தர். மறுபுறம் இராட்டிரகூட மன்னர் மூன்றாம் கிருஷ்ணரும் அவர் பக்கம் நின்ற கங்க மன்னன் பூதுகனும். யானைமீது அமர்ந்து பொருத இராசாதித்தர் அந்த யானையின்மேலேயே உயிர் துறந்தார். அதனால் அவரை ‘யானைமேல் துஞ்சிய தேவர்’ என்று சோழர் சாசனங்கள் குறிக்கின்றன. அவருடைய உற்ற தோழராய் விளங்கிய கேரள நாட்டு வல்லபர், தம் தலைவருடன் அப்போர்க்களத்தில் மாய இயலாமற் போனதே என்று வருந்தித் துறவு பூண்டு, திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் என்னும் மடாதிபதியாகத் திகழ்ந்தார். தலைவனோடு மடிவதைக் கடமையாகக் கருதிய காலம் அது. காளியின் கதையைக் கேட்கும்போது இதையும் மனத்திற் கொள்வது நலம்.

வென்றவர், தமிழ்க் கல்வெட்டுகளில் ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவர்’ எனப் பெயர் பெற்ற அந்தக் கிருஷ்ணர். பூதுகனின் படையில் முன்னணியில் நின்று போரிட்ட மணலேரன் என்னும் வீரனது ஆற்றலைக் கண்டு மகிழ்ந்த மன்னர், வேண்டியதைக் கேள் என்றார். நிலமும் பொன்னும் கேட்டிருக்கலாம். மணலேரனோ அரசரிடம் இருந்த காளி என்னும் நாயைக் கேட்டுப் பெற்றான். போரில் வென்றவன் பரிசாக நாயை வேண்டினான் என்றால், அந்த நாயின் புகழ் பாசறை முழுதும் பரவியிருக்க வேண்டும்.

பின்னர் பேளதூருக்கு மேற்கே உள்ள மலையில் ஒரு பெரும் பன்றியின்மீது காளியை ஏவினர். நாயும் பன்றியும் ஒன்றாகவே மாண்டன. மணலேரன் ஆதகூரில் சல்லேஸ்வரர் திருமுன் கல் நட்டு, பூசைக்கென்று பெரிய ஏரியின் கீழ் நிலமும் விட்டான். கல்லின் மேற்பகுதியில் நாயும் பன்றியும் எதிரெதிர் நின்று பொரும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. தக்கோலப் போரைப் பற்றி வரலாற்று அறிஞர்கள் பெரிதும் நம்பும் சான்றுகளுள் இக்கல்வெட்டும் ஒன்று. சோழ இளவரசரின் முடிவும் ஒரு நாயின் முடிவும் ஒரே கல்லில் இடம் பெற்றிருப்பது வேறெங்கும் காண்பதற்கு அரிது.

நாய் ஏன் மடிந்தது என்பதை உணர, பன்றி வேட்டையின் இயல்பைச் சற்று அறிய வேண்டும். முயலையும் மானையும் துரத்துவதற்கென்றே அமைந்த ஓட்ட நாய்கள் உண்டு. நீண்ட கால்கள், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, கூரிய முகம், மெல்லிய தோல் என அவற்றின் உறுப்பு ஒவ்வொன்றும் விரைவுக்கென அமைந்தது. அவை மோப்பத்தைவிடக் கண்ணையே நம்பி ஓடும். முயல் ஓடித் தப்பும் பிராணி. நாய் எட்டிவிட்டால் வேட்டை முடிந்தது. பன்றியோ எட்டப்பட்ட பிறகுதான் தன் வலிமையைக் காட்டும். புதரையோ பாறையையோ பின்னால் வைத்துத் திரும்பி நிற்கும். முதிர்ந்த ஆண் பன்றிக்குத் தோளின்மேல் தோல் தடித்துக் கேடயம் போல் இருக்கும்; நாயின் பல் எளிதில் அதில் இறங்காது. தலையைத் தாழ்த்தி மேல்நோக்கி அது வீசும் ஒரு வீச்சில் கோரைப்பற்கள் நாயின் வயிற்றையோ தொண்டையையோ கிழித்துவிடும். மெல்லிய தோலுடைய ஓட்ட நாய் அங்கே நிற்க முடியாது.

அதனால்தான் பன்றி வேட்டைக்காரர் பலநாட்டிலும் ஓட்ட நாயோடு, கனத்த உடலும் அகன்ற தாடையும் கொண்ட நாயைச் சேர்த்துக் கலப்புக் குட்டிகளை வளர்த்தனர். ஒன்றின் வேகமும் மற்றதன் பிடியும் ஒருங்கே அமைய வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு எப்போதும் பலிப்பதில்லை; கனம் கூடினால் வேகம் குறையும், வேகம் கூடினால் பிடி தளரும். எத்தனை சிறந்த நாயாயினும், பிடியை விடாத குணமே அதன் உயிருக்கு உலை வைப்பதும் உண்டு. பன்றியை வளைத்துக் குரைத்துக்கொண்டு ஆள் வரும்வரை காத்திருக்கும் நாய் பிழைக்கும். பாய்ந்து பற்றி, பற்றியதை விடாத நாய் பல வேளை வீடு திரும்புவதில்லை. காளி இரண்டாம் வகை போலும்.

தமிழ்நாட்டிலும் இந்த வேறுபாட்டை முன்னோர் அறிந்தே நாய்களை வளர்த்தனர். விருதுநகர்ச் சீமையின் சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்தும் ஓட்ட நாய்கள். கன்னியை மணமகளுக்குச் சீராகக் கொடுக்கும் வழக்கம் இருந்தது என்பர். தேனிப் பகுதியின் கோம்பை, கருமுகமும் செந்நிற உடலும் கொண்ட உறுதியான நாய்; பன்றி வேட்டைக்குப் பேர்பெற்றது. வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உடைய இராஜபாளையம் நாயும் பாளையக்காரர்களின் பன்றி வேட்டையில் பழகியது. 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாட்டு நாய் அஞ்சல்தலைகளுள் இராஜபாளையமும் இடம்பெற்றது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அந்த வேட்டை குற்றமாயிற்று. நாய்கள் இன்று தோட்டங்களையும் வீடுகளையும் காக்கின்றன.

வேட்டையைச் சைவ நூல்கள் மறைத்து வைக்கவில்லை. அறுபத்துமூவருள் கண்ணப்ப நாயனாரின் வரலாறே ஒரு பன்றியின் ஓட்டத்தில்தான் திரும்புகிறது. உடுப்பூரில் காட்டு விலங்குகள் பெருகி விளைநிலங்களை அழித்தன. வேடர் தலைவர் நாகனார் முதுமையால் தளர்ந்தமையால், மகன் திண்ணனாரிடம் தலைமையை ஒப்படைத்தார். திண்ணனாரின் முதல் வேட்டையைச் சேக்கிழார் விரிவாகப் பாடுகிறார். வேடர் கையில் பிடித்த கயிற்றோடு நாய்கள் முன்னே செல்கின்றன. காட்டைச் சுற்றி வலை கட்டுகின்றனர். நாய்கள் அவிழ்த்து விடப்படுகின்றன.

அந்த ஆரவாரத்தின் நடுவே தெய்வச் சேக்கிழார் ஒன்றைச் சொல்லிச் செல்கிறார். கதையின் விரைவில் பலரும் அதைக் கவனிப்பதில்லை. அவ்வேடர் யானைக் கன்றுகளைத் தொடரவில்லை. சிறு குட்டிகளைக் கொல்லவில்லை. கருவுற்று நடை தளர்ந்த பிணைகளை வருத்தவில்லை. கொலைத்தொழிலே வாழ்வாகக் கொண்டவருக்கும் எல்லை ஒன்று இருந்தது என்பதை, அடியார் வரலாற்றில் இடம் ஒதுக்கிச் சொல்ல வேண்டும் என்று அப்பெருமான் எண்ணியிருக்கிறார்.

அப்போது ஒரு பன்றி வலையை அறுத்துக்கொண்டு ஓடிற்று. திண்ணனார் தம் கால்வேகத்தால் அதனைத் தொடர்ந்தார். உடன் ஓடியவர் நாணன், காடன் ஆகிய இருவரே. நெடுந்தொலைவு ஓடிக் களைத்த பன்றி மலைச்சாரலில் ஒரு மரநிழலில் திரும்பி நின்றது. திண்ணனார் சுரிகையால் குத்த, அது இரு துண்டாய் வீழ்ந்தது. பசியும் நீர்வேட்கையும் மிக, மூவரும் பொன்முகலி ஆற்றை நோக்கி நடந்தனர். அவ்விடத்தில்தான் காளத்தி மலை திண்ணனாரின் கண்ணில் பட்டது. மலைமேல் குடுமித்தேவர் இருக்கிறார் என்று நாணன் சொன்னான். பன்றி நேரே மாண்டிருந்தால், வலையிலேயே சிக்கியிருந்தால், திண்ணனார் அம்மலையைக் கண்டிருப்பாரா? வாயில் நீரும், தலைமுடியில் மலரும், கையில் சுவைத்துப் பார்த்த பன்றி இறைச்சியுமாய் அவர் ஏறிய கதையை அறியாத சைவ இல்லம் இல்லை.

சேக்கிழார் குறித்த எல்லை மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு விடை மதுரையில் உள்ளது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 45ஆவது படலம் அது. வைகைக் கரையில் குருவிருந்த துறையில் சுகலன் என்னும் வேளாளருக்குப் பன்னிரு மைந்தர். பெற்றோரை இழந்த அவர்கள் வேடரோடு சேர்ந்து திரிந்தனர். தவத்தில் இருந்த குருபகவான்மீது கல்லும் மண்ணும் எறிந்து இடையூறு செய்தனர். தாய்தந்தையற்ற பன்றிக்குட்டிகளாய்ப் பிறந்து துயருறுவீர் என்று சபித்த குரு, அவர்கள் அழுது வேண்டியபோது, சோமசுந்தரப் பெருமானே தாயாய் வந்து காப்பார் என்றும் அருளினார்.

அவ்வாறே பிறந்தனர். இராசராச பாண்டியன் வேட்டைக்கு வந்தான். பன்றிகளின் அரசன் எதிர்த்துப் போரிட்டு மாண்டான். துணையை இழந்த பெண்பன்றி ஓடவில்லை. அதுவும் போரிட்டு, சருவன் என்னும் வேடன் கையில் மாண்டது. வேட்டை முடிந்தது, படை ஊர் திரும்பிற்று. காட்டில் பன்னிரு குட்டிகள் பாலின்றிக் கதறின. அக்குரலை வேறு எவரும் கேட்கவில்லை. ஆலவாய் அண்ணல் கேட்டார். இறந்த தாய்ப்பன்றியின் வடிவு கொண்டு அக்காட்டுக்கு வந்து, குட்டிகளுக்குப் பால் கொடுத்தார். அடிமுடி தேடிய நாளில் திருமாலே பன்றி வடிவில் நிலத்தை அகழ்ந்தும் காணாத பெருமான், பசித்த பன்றிக்குட்டிகள் தேடாமலே அவற்றின் முன் பன்றியாய்க் கிடந்தார். அடுத்த படலத்தில், பன்றி முகமும் மனித உடலும் பெற்ற அப்பன்னிருவரும் அதே பாண்டியனுக்கு அமைச்சராயினர். தாயைக் கொன்ற மன்னனின் அவையிலேயே அவர்களை அமர்த்தியதும் அவன் திருவிளையாடல்தான். மதுரையில் திருமலை நாயக்கர் எடுப்பித்த புதுமண்டபத் தூண்களில் இத்திருவிளையாடலின் சிற்பத்தைக் காணலாம்.

ஆதகூர்க் கல் இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காளியின் பெயர் அதில் உண்டு. எதிர்த்து நின்ற பன்றிக்குப் பெயர் இல்லை. ஆனால் கல்லை வடித்த சிற்பி இரண்டையும் ஒருங்கே செதுக்கி வைத்தான். பசியோடு வந்து கொரவர் நாள்தோறும் இட்ட மலர் நாயின்மீதும் விழுந்திருக்கும், பன்றியின்மீதும் விழுந்திருக்கும்.